மக்காச்சோளக் காட்டின் நடுவே ஒரு சைக்கிள் திருவிழா

ஜூலை கடைசி வாரம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டி நிற்கும். கொண்டையில் ஆண் பூ விரிந்து, கதிரில் பட்டு நூல் வெளியே வந்து, மகரந்தம் கொட்டும் பருவம். விதைத்து, உரமிட்டு, களை அடக்கி முடித்தாகிவிட்டது. இனி மழையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த வாரத்தில்தான் அந்த மாநிலத்தின் கிராமச் சாலைகளில் சைக்கிள்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஐம்பது, நூறு அல்ல. ஒரே நாளில் எட்டாயிரம், பத்தாயிரம். சில நாட்களில் அதற்கும் மேல்.

இந்தப் பயணத்துக்கு ‘ராக்பிரை’ என்று பெயர். மாநிலத்தின் மேற்கு எல்லையில் ஓடும் மிசௌரி ஆற்றங்கரையில் தொடங்கி, கிழக்கு எல்லையில் ஓடும் மிசிசிப்பி ஆற்றங்கரையில் முடியும். 7 நாள், ஏறக்குறைய 700 முதல் 800 கிலோமீட்டர். புறப்படும்போது சைக்கிளின் பின்சக்கரத்தை மிசௌரி ஆற்றில் நனைப்பார்கள். போய்ச் சேர்ந்ததும் முன்சக்கரத்தை மிசிசிப்பியில் நனைப்பார்கள். இது போட்டி அல்ல. முதலில் வருபவருக்குப் பரிசும் இல்லை, கடைசியில் வருபவருக்குக் கேலியும் இல்லை.

தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே புரியும். வழிநெடுக ஊர்கள், ஊருக்கு ஊர் தண்ணீர், சாப்பாடு, இரவு தங்க ஒரு இடம். அங்கே கோயில் இல்லை. காலுக்குப் பதில் சைக்கிள். ஆனால், நாம் கவனிக்க வேண்டியது சைக்கிள் ஓட்டுபவர்களை மட்டுமல்ல. சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் ஒரு விவசாய கிராமம், அந்த ஒரு நாளுக்காக எப்படித் தயாராகிறது, என்ன விற்கிறது, வந்த பணத்தை என்ன செய்கிறது என்பதையும்தான்.

பத்திரிகையாளர் இருவர் போட்ட பாதை

அயோவாவின் பரப்பு சுமார் 1.45 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரியது. மக்கள்தொகையோ 32 லட்சம்தான். பன்றிகள் 2 கோடிக்கும் மேல். அமெரிக்காவில் மக்காச்சோளத்திலும் பன்றி வளர்ப்பிலும் முதலிடம் இந்த மாநிலத்துக்குத்தான். சுமார் 1.3 கோடி ஏக்கரில் மக்காச்சோளம், சுமார் 1 கோடி ஏக்கரில் சோயாபீன்ஸ். மாறி மாறி இந்த இரண்டு பயிர்தான்.

1973-ல், மாநிலத் தலைநகரான டி மாய்னிலிருந்து வெளிவரும் ‘ரெஜிஸ்டர்’ நாளிதழில் வேலை செய்த ஜான் காரஸ், டொனால்ட் கௌல் இருவரும் மாநிலத்தைக் குறுக்காக சைக்கிளில் கடந்து, வழியில் பார்த்ததை எழுதலாம் என்று முடிவு செய்தார்கள். வாசகர்களையும் உடன் அழைத்தால் செலவுக்குச் சம்மதம் என்றார் ஆசிரியர். சூ சிட்டியில் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். 6 நாளில் டேவன்போர்ட் வரை முழுத் தூரமும் ஓட்டி முடித்தவர்கள் 114 பேர்.

அந்த 114 பேரில் ஒருவர்தான் இந்தப் பயணத்தை ஊர் ஊராகப் பேசவைத்தார். கிளாரன்ஸ் பிக்கார்ட், வயது 83, இண்டியனோலா ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற விவசாயி. பல வருடங்களாக சைக்கிளைத் தொடாதவர். யாரோ பயன்படுத்திய ஒரு பழைய லேடீஸ் சைக்கிளில் வந்தார். டி மாய்னிலிருந்து வில்லியம்ஸ்பர்க் வரை ஒரே நாளில் 177 கிலோமீட்டர். அன்று வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அதையும் ஓட்டி முடித்தார். பத்திரிகையில் அவரைப் பற்றிப் படித்தவர்கள் அடுத்த ஆண்டும் பயணம் வேண்டும் என்று கேட்க, அது வருடாந்தர வழக்கமானது. 2020-ல் கொரோனாவால் ஒரு வருடம் நின்றது. 50-வது பயணம் 2023-ல், முதல் பயணம் போன அதே சூ சிட்டி முதல் டேவன்போர்ட் வரை நடந்தது.

ஒவ்வொரு வருடமும் பாதை மாறும். எந்த ஊர்கள் வழியாகப் போகும் என்பதை ஜனவரி கடைசியில் அறிவிப்பார்கள். கோடைக்கு இன்னும் 6 மாதம் இருக்கும்போதே ஊருக்கு வேலை தொடங்கிவிடும்.

விடியற்காலை 5 மணி

பயணத்தின் ஒரு நாள் விடிவதற்கு முன்பே தொடங்கும். முந்தைய இரவு தங்கிய ஊரின் பள்ளி மைதானம், பூங்கா, சந்தைத் திடல், வீட்டு முற்றம் எங்கும் கூடாரங்கள். 5 மணிக்கே கூடாரம் மடிக்கும் சத்தம் கேட்கும். மூட்டை முடிச்சுகளை லாரியில் ஏற்றிவிட வேண்டும். அவை நேராக அடுத்த ஊருக்குப் போய்விடும். சைக்கிளில் தண்ணீர் பாட்டில், பஞ்சர் ஒட்டும் சாமான், மாற்று டியூப், மழைச்சட்டை, இவ்வளவுதான் இருக்கும்.

6 மணிக்குச் சாலை நிறைந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. ஒரு நாளைக்குச் சராசரி 100 கிலோமீட்டருக்கு மேல். அயோவா தட்டையான நிலம் என்று நம்பி வருபவர்களுக்கு முதல் நாளே ஏமாற்றம் காத்திருக்கும். மேற்குப் பகுதியில் ஏற்றமும் இறக்கமும் அலை போல மாறி மாறி வரும்.

கூட்டமாக ஓட்டுவதற்கென்று சில பழக்கங்கள் உண்டு. எதிரே வண்டி வந்தால் முன்னால் போகிறவர் உரக்கச் சொல்வார். அது வாய்க்கு வாய் பின்னால் கடத்தப்படும். பின்னாலிருந்து வண்டி வந்தால் அதேபோல முன்னால் போகும். சாலையில் விரிசல், பள்ளம், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் வரிக்கோடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு குரல் உண்டு. நிற்க வேண்டுமானால் நடுச்சாலையில் நிற்கக் கூடாது. குரல் கொடுத்து, ஓரமாக விலகி, மண்ணில் இறங்கித்தான் நிற்க வேண்டும். முக்கியமான சந்திப்புகளில் போலீஸார் மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிடுவார்கள். வழியில் பஞ்சரானால், ஆண்டுதோறும் இதில் கலந்துகொள்ளும் விமானப்படை சைக்கிள் குழுவினர் நின்று உதவுவது வழக்கம்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் விபத்து நடக்கும். 2004-ல் மேற்கு அயோவாவின் ஒரு கவுண்டியில், சாலையின் நடுக்கோட்டு விரிசலில் சக்கரம் சிக்கி ஒருவர் இறந்தார். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. சாலையைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று குடும்பத்தினர் வழக்குப் போட, கவுண்டியின் காப்பீட்டு நிறுவனம் 3,50,000 டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. அதன் பிறகு அந்த கவுண்டி, இந்தப் பயணத்துக்கே தடை போட்டது. சட்டப் பொறுப்பு யாருக்கு என்பது பேசித் தீர்ந்த பிறகுதான் தடை விலகியது. விருந்தாளியை அழைக்கும் ஊர், காப்பீட்டையும் சாலையையும் முதலில் பார்க்க வேண்டும் என்பதை அந்தச் சம்பவம் எல்லா ஊர்களுக்கும் கற்றுக்கொடுத்தது.

சதுரம் சதுரமாக நிலம்

ஓட்டுபவர்கள் வயலை மெதுவாகப் பார்த்துக்கொண்டு போக முடிகிறது. காரில் போனால் பச்சையாக ஒரு சுவர் ஓடுவது போல இருக்கும். சைக்கிளில் போனால் பூவின் வாசம் தெரியும், இலை உரசும் சத்தம் கேட்கும், பன்றிப் பண்ணையின் நாற்றமும் தெரியும்.

அங்கே நிலம் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு சதுரம், 640 ஏக்கர். அதன் ஓரங்களில்தான் பெரும்பாலான கிராமச் சாலைகள் ஓடுகின்றன. 1862-ல் வந்த குடியேற்றச் சட்டப்படி ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது அதில் கால் பங்கு, 160 ஏக்கர். இன்று சராசரிப் பண்ணை 345 ஏக்கர். தமிழ்நாட்டின் சராசரி ஒரு விவசாயிக்கு 2 ஏக்கருக்கும் குறைவு.

வரிசைக்கு வரிசை 30 அங்குலம், அதாவது இரண்டரை அடி. நாம் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குச் சொல்லும் 60 சென்டிமீட்டரைவிட அகலம். ஆனால் செடிக்குச் செடி நெருக்கம் என்பதால் ஏக்கருக்கு 32,000 செடிக்கு மேல் நிற்கும். மகசூல் ஏக்கருக்கு சுமார் 200 புஷல். நம் கணக்கில் 5 டன். பெரும்பகுதி மானாவாரி. வருட மழையளவில் தமிழ்நாட்டுக்கும் அயோவாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆயிரக்கணக்கான வருடங்கள் புல் வளர்ந்து மடிந்து மக்கிய கறுப்பு மண்தான் அவர்களின் முதலீடு.

நம் மக்காச்சோள விவசாயி அங்கே போனால் முதலில் கேட்கும் கேள்வி, “இங்கே படைப்புழு இல்லையா?” என்பதாகத்தான் இருக்கும். 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழுவின் சொந்தக் கண்டம் அமெரிக்காதான். ஆனால் அயோவாவின் உறைபனிக் குளிரில் அது உயிர் பிழைப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் வெப்பமான தென் மாநிலங்களிலிருந்து அந்துப்பூச்சி பறந்து வந்தால்தான் உண்டு. நமக்கோ வருடம் முழுக்க வெப்பம், வருடம் முழுக்க ஏதாவது ஒரு வயலில் மக்காச்சோளம். அதனால்தான் நம் போராட்டம் பெரிது.

பத்து மணிக்கு மேல் புழுக்கம் தாங்க முடியாது. அதற்கு வெயில் மட்டும் காரணம் அல்ல. ஒரு ஏக்கர் மக்காச்சோளம் ஒரு நாளைக்கு 11,400 முதல் 15,100 லிட்டர் தண்ணீரை இலை வழியாக ஆவியாக வெளியே விடுகிறது. நம் பாசனக் கணக்கில் சொன்னால், நாளுக்கு சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கோடிக்கணக்கான ஏக்கர் ஒரே நேரத்தில் இப்படி மூச்சுவிட்டால் காற்று ஈரத் துணி போல ஆகிவிடும். உள்ளூர்க்காரர்கள் இதை மக்காச்சோளத்தின் வியர்வை என்றே சொல்கிறார்கள். பூக்கும் பருவத்தில் தண்ணீர் குறைந்தால் மணி பிடிக்காது என்று நாம் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பதற்கும் இந்த எண்ணிக்கைதான் பதில்.

ஊர் எல்லையில் அடுப்பு

15, 20 கிலோமீட்டருக்கு ஒரு ஊர். தூரத்திலேயே இரண்டு உயரமான கட்டடங்கள் தெரியும். ஒன்று தண்ணீர்த் தொட்டி. மற்றது தானியக் கிடங்கு. நம் ஊரில் கோபுரத்தைப் பார்த்து ஊரை அடையாளம் சொல்வது போல, அங்கே கிடங்கைப் பார்த்துச் சொல்லலாம்.

ஊருக்குள் நுழைந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடியும். கடைத்தெருவின் இரு பக்கமும் மேசைகள். தன்னார்வத் தீயணைப்புக் குழுவினர் தோசைக்கல் போன்ற பெரிய தகட்டில் காலைப் பலகாரம் சுடுவார்கள். சர்ச்சின் பெண்கள் ‘பை’ என்ற பலகாரம் விற்பார்கள். மாவுக்குள் ஆப்பிள், செர்ரி போன்ற பழங்களை வைத்துச் சுடுவது. இந்தப் பயணத்துக்கு வருபவர்கள் எந்த ஊர் பை நன்றாக இருந்தது என்று வருடக்கணக்கில் பேசுவார்கள். பள்ளி மாணவர்கள் எலுமிச்சைச் சாறும் வாழைப்பழமும் விற்பார்கள்.

வழியில் இன்னும் சில கடைகள் பயணத்தோடு சேர்ந்தே நகரும். பன்றி வளர்த்த விவசாயி ஒருவர் தொடங்கிய கடை, இளஞ்சிவப்பு பஸ்ஸில் வரும். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க் கட்டையை எரித்து, அந்தத் தணலில் இறைச்சி வாட்டித் தருவார்கள். இன்னொரு கடையில், அந்தக் காலத்து ஆயில் எஞ்சினை ஓடவிட்டு, அதன் பெல்ட்டில் சுற்றும் பீப்பாயில் ஐஸ்கிரீம் கடைவார்கள். எஞ்சின் ‘டுக் டுக்’ என்று ஓடும் சத்தத்தைக் கேட்டே கூட்டம் கூடும். பழைய எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருந்ததற்குக் கிடைத்த பலன்.

இனிப்பு மக்காச்சோளம் இல்லாத ஊரே இருக்காது. சாலையிலிருந்து பார்க்கும் மக்காச்சோளம் மனிதர் கடித்துத் தின்பதற்கானது அல்ல. அதில் பாதிக்கும் மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி கால்நடைத் தீவனம். தின்பதற்கான இனிப்பு ரகத்தைத் தனியாகச் சிறு பாத்தியில் போட்டு, அன்று காலை பறித்து, அன்றே வேகவைத்து, வெண்ணெய் தடவிக் கொடுப்பார்கள். ஒரு புஷல், அதாவது 25 கிலோ, மக்காச்சோளத்துக்குக் கிடைக்கும் விலை சில டாலர்தான். அதே டாலர்களை, தட்டில் வைத்துக் கொடுக்கும் இரண்டு மூன்று கதிர்களே கொண்டுவந்துவிடும். தானியமாக விற்பதற்கும் சாப்பாடாக விற்பதற்கும் உள்ள இடைவெளி இவ்வளவு பெரிது.

300 பேர் ஊரில் 10,000 பேர்

இது திடீரென்று கிடைக்கும் வருமானம் அல்ல. ஜனவரி அறிவிப்பு வந்ததும் ஊரில் குழு அமைப்பார்கள். சாப்பாட்டுக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், தங்குமிடத்துக்கு, கழிப்பறைக்கு, குப்பைக்கு, மருத்துவத்துக்கு, போக்குவரத்துக்கு என்று பொறுப்பு பிரிப்பார்கள். இரவு தங்கும் ஊருக்கு வேலை பல மடங்கு. பள்ளியின் குளியலறையைக் கட்டணத்துக்குத் திறந்துவிடுவது, வீட்டுத் தோட்டத்தில் கூடாரம் போட இடம் கொடுப்பது, புயல் மழை வந்தால் பள்ளி உள்விளையாட்டு அரங்கைத் திறப்பது எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்படும்.

பெரிய தலைவலி கழிப்பறை. ஆயிரக்கணக்கானவர்கள் கடக்கும் பாதையில் போதிய கழிப்பறை இல்லையென்றால், எல்லோருக்கும் மறைவிடம் மக்காச்சோளக் காடுதான். எந்த விவசாயி அதை விரும்புவார்? அதனால் வாடகைக் கழிப்பறைகளை ஊர்தோறும் வரிசையாக நிறுத்துகிறார்கள்.

நஷ்டப்படும் வாய்ப்பும் உண்டு. காலையில் வரும் முதல் ஊரில் எல்லோரும் பசியோடு வருவார்கள். நான்காவது, ஐந்தாவது ஊருக்கு வரும்போது வயிறு நிறைந்திருக்கும், கால் ஓய்ந்திருக்கும். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மழை பெய்தால் நிற்காமல் போவார்கள். முதல் ஊரைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சமைத்த கடைசி ஊருக்கு மிச்சம் விழும். தன் ஊருக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு வரும், எந்த நிலையில் வரும் என்பதை அறிந்து அதற்கேற்றதை விற்பவர்கள்தான் தப்பிக்கிறார்கள். மதியம் 2 மணிக்கு வருபவருக்கு இறைச்சி வேண்டாம். குளிர்ந்த தர்பூசணித் துண்டு போதும்.

லாபம் தனி ஆள் பைக்குப் போவது குறைவு என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. தீயணைப்புக் குழு சம்பாதித்தது தீயணைப்பு வண்டிக்கு. சர்ச் சம்பாதித்தது சர்ச் கூரைக்கு. மாணவர்கள் சம்பாதித்தது பள்ளி இசைக்குழுவுக்கு. இதைத் தெரிந்துகொண்டே சைக்கிள்காரர்களும் பேரம் பேசாமல் வாங்குகிறார்கள்.

வயலைப் பார்த்தவர் கேட்கும் கேள்வி

இந்தப் பயணத்தில் கலந்துகொள்பவர்களில் பலர் நகரத்தார். சாப்பிடுபவர் வயல் வழியாக மெதுவாகப் போகும்போது நல்லதை மட்டும் பார்ப்பதில்லை.

அயோவாவின் வயல்களுக்கு அடியில் ஓட்டைக் குழாய்கள் பதித்து வடிகால் அமைத்திருக்கிறார்கள். சதுப்பு நிலத்தை விளைநிலமாக்கியது அந்தக் குழாய்கள்தான். ஆனால் பயிர் எடுத்தது போக மிஞ்சும் நைட்ரேட்டும் அதே குழாய் வழியாக ஆற்றுக்குப் போகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் டி மாய்ன் நகரம் குடிக்கிறது. நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க அந்த நகரம் 1990-களின் தொடக்கத்திலேயே தனி ஆலை கட்ட வேண்டியிருந்தது. 2015-ல் நகரக் குடிநீர் நிறுவனம், ஆற்றின் மேல்பகுதியில் உள்ள 3 கவுண்டிகளின் வடிகால் அமைப்புகள் மீது வழக்கே தொடுத்தது. 2017-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வழக்கு முடிந்தது, பிரச்னை முடியவில்லை.

யூரியாவைத் தேவைக்கு மேல் கொட்டினால் அது எங்கே போகிறது என்ற கேள்வி நமக்கும் உண்டு. நம் வயலின் மிச்சம் நம் கிணற்றுக்குள்ளேயே இறங்குகிறது. மண் பரிசோதனை செய்து, பிரித்துப் பிரித்து இடுவதன் அவசியம் இரு நாட்டுக்கும் ஒன்றுதான்.

டி மாய்ன் நகரத்தோடு தமிழர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் நார்மன் போர்லாக், அயோவாவின் ஒரு பண்ணை வீட்டில் 1914-ல் பிறந்தவர். அவர் தொடங்கிவைத்த உலக உணவுப் பரிசின் தலைமையகம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. 1987-ல் அந்தப் பரிசை முதன்முதலாகப் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன்.

மாலை 6 மணிக்குப் பிறகு

மாலை 6 மணியோடு சாலைப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படும். அதற்குள் தங்கும் ஊரை அடைந்துவிட வேண்டும். முடியாதவர்களை ஏற்றிவர வண்டி உண்டு. அதில் ஏறுவதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. குளியல், சாப்பாடு, கடைத்தெருவில் பாட்டு, கூத்து. 10 மணிக்கெல்லாம் கூடாரங்களில் குறட்டைச் சத்தம்.

நண்பகலில் கூட்டம் கடந்துபோன சின்ன ஊர்களில், அதே மாலை நிலைமை வேறு. மேசைகளை மடித்து, குப்பையை அள்ளி, தெருவைக் கழுவிவிட்டு, சர்ச் கூடத்தில் உட்கார்ந்து சில்லறையை எண்ணுவார்கள். மறுநாள் அந்தத் தெருவில் பழையபடி நாலைந்து வண்டிகள்தான் நிற்கும்.

இந்த ஒரு நாளால் மக்காச்சோளத்தின் விலை ஒரு காசு ஏறுவதில்லை. 1950-ல் அயோவாவில் 2 லட்சத்துக்கும் அதிகமான பண்ணைகள் இருந்தன. இன்று சுமார் 87,000. 1980-களில் வட்டி ஏறி, நிலத்தின் விலை விழுந்தபோது கடனில் மூழ்கி ஏலம் போன பண்ணைகள் ஏராளம். பண்ணைகள் பெரிதாகப் பெரிதாக ஆட்கள் குறைந்தார்கள். ஆட்கள் குறையக் குறையப் பள்ளி மூடப்பட்டது, மளிகைக்கடை மூடப்பட்டது. சைக்கிள் பயணம் இதை மாற்றிவிடவில்லை. ஆனால் 6 மாதம் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிடும் பழக்கத்தை அந்த ஊர்களில் அது காப்பாற்றி வைத்திருக்கிறது. பிரிந்துபோன பிள்ளைகள் அந்த ஒரு நாளுக்காக ஊருக்கு வந்து அடுப்படியில் நிற்கிறார்கள். கூரை ஒழுகும் நூலகத்துக்கு ஓடு கிடைக்கிறது. கலைந்துபோகும் ஊருக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல.

நம் கிராமங்கள் வழியாகவும் கூட்டம் போகிறது. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து சைக்கிள் குழுக்கள் கிராமச் சாலையைத் தேடி வருகின்றன. தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் நம் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. அதன் பக்கத்திலேயே ஊர் விளைச்சலை ஊர்ப் பெயரில் விற்கும் ஒரு மேசையும் இருக்கலாம்.

நம் ஊர் வழியாகக் கூட்டம் வருமானால்…

1. தேதியைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டு விதைக்கவும். இனிப்பு மக்காச்சோளம் ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து 75 முதல் 85 நாளில் பறிப்புக்கு வரும். 5 நாள் இடைவெளியில் 2, 3 தவணையாக விதைத்தால், கூட்டம் வரும் எல்லா நாளும் இளங்கதிர் கிடைக்கும்.

2. பட்டு நூல் வந்து 18 முதல் 22 நாளில், மணியை நகத்தால் கீறினால் பால் வரும் பருவத்தில் பறிக்கவும். அதிகாலையில் பறித்து நிழலில் வைத்து அன்றே விற்கவும். வெயிலில் கிடந்தால் சர்க்கரை மாவுச்சத்தாக மாறி இனிப்புக் குறையும்.

3. கொய்யா, வெள்ளரி, தர்பூசணி, மக்காச்சோளம் எதுவானாலும், கடைசியாக மருந்து தெளித்த நாளிலிருந்து டப்பாவில் குறிப்பிட்ட காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே பறிக்கவும். கையில் வாங்கி அங்கேயே தின்பவர்களுக்கு விற்கும்போது இதில் சமரசம் கூடாது.

4. சமைத்த உணவு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை. மகளிர் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ பொறுப்பேற்றால் எளிது.

5. கூட்டம் எத்தனை மணிக்கு ஊரைக் கடக்கும் என்று பார்க்கவும். காலையில் இட்லி, பொங்கல் போகும். உச்சிவெயிலில் நீர்மோர், இளநீர், நுங்கு, பழத்துண்டுதான் போகும். முதல் முறை குறைவாகச் செய்வதே நல்லது.

6. கழிப்பறை, குப்பைத்தொட்டி, முதலுதவி ஆகிய மூன்றுக்கும் ஊராட்சியோடு பேசி முன்பே ஏற்பாடு செய்யவும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. மந்தார இலையும் பாக்குமட்டைத் தட்டும் இருக்கின்றன. சாப்பிட்ட தட்டை எருக்குழியில் போட்டால் மக்கிவிடும்.

7. கடையைச் சாலையின் மண் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போடவும். வண்டிகள் வேகமாகப் போகும் வளைவிலும் பாலத்தடியிலும் வேண்டவே வேண்டாம்.

8. வரவு செலவை ஊர் அறிய எழுதி வைக்கவும். லாபத்தில் ஒரு பங்கு எதற்கு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடவும். வாய்க்கால் தூர்வாரவோ, பள்ளிச் சுற்றுச்சுவருக்கோ, விதை வாங்கும் சுழல்நிதிக்கோ அந்தப் பணம் போகிறது என்று பலகையில் எழுதி வைத்தால், வாங்குபவரும் பேரம் பேச யோசிப்பார்.

இப்படிப் பாதயாத்திரைக் காலத்தில் ஊர் சார்பில் விற்பனை செய்து பார்த்த வாசகர்கள், எதை விற்றார்கள், எது மிஞ்சியது என்ற விவரத்தைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதலாம். அடுத்த தைப்பூசத்துக்கு விதைக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும்.